தம்பிக்கு ஒரு தோல் பை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பில் கை வைத்த நேரம் பார்த்துத் தம்பி தன் கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினான். திரையில் ஒரு கறுப்புத் தோல் பிரீஃப்கேஸ். மூடியின் நடுவில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் பெயர் பொன்னிற எழுத்தில் மின்னியது. விலை 2,350 ரிங்கிட்.

"பன்னெண்டு தவணைக்கா. மாசம் இருநூறு கூட வராது."

தம்பி சட்டம் படித்து முடித்து, கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேம்பரிங் செய்கிறான். 9 மாதப் பயிற்சி. அதற்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது, அலவன்ஸ். அதில் கொமுட்டர் ரயிலும் மதியச் சாப்பாடும் கல்விக் கடனும் போனால் மிஞ்சுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதில் ஒரு வருடத்துக்குப் பைக்குத் தவணை.

"எதுக்குடா இவ்ளோ விலையில?"

"ஆபீஸ்ல எல்லாரும் இந்த மாதிரிதான் வச்சிருக்காங்க. நான் மட்டும் யூனிவர்சிட்டி பேக்பேக்கோட கோர்ட்டுக்குப் போறேன். போன வாரம் ஒரு கிளையண்ட் என்னை டெஸ்பேட்ச்னு நினைச்சு பார்சலைக் கையில கொடுத்துட்டாருக்கா. கையெழுத்து போடச் சொல்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். டெஸ்பேட்ச் வேலையில் எந்தக் குறையும் இல்லை, எங்கள் மாமாவே பல வருடம் மோட்டாரில் கடிதம் சுமந்தவர்தான். ஆனால் நாலு பேர் நிற்கும் வரவேற்பறையில் அந்தப் பார்சல் ஏன் இவன் கைக்கு மட்டும் வந்தது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் தெரியும்.

"ரெண்டு வாரம் பொறு. சேர்ந்து பார்க்கலாம்" என்றேன்.

எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. வானொலியில் சேர்ந்த புதிதில் ஒரு பேரங்காடியில் 180 ரிங்கிட்டுக்குக் கறுப்பு அலுவலகப் பை வாங்கினேன். 'லெதர்' என்று அட்டை தொங்கியது. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் விளம்பரதாரருடன் கூட்டம். வெளிர் மஞ்சள் சேலை, மடியில் பை. பேசி முடித்து எழுந்தால் சேலை முழுக்க மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புச் செதில்கள். மேசையிலும் நாற்காலியிலும்கூட. எதிரில் இருந்த அம்மையார் டிஷ்யூ பெட்டியை மெல்ல என் பக்கம் தள்ளினார். அந்த விளம்பரம் கிடைக்கவில்லை. பையால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் மறக்கவும் இல்லை.

அது தோலே அல்ல. துணியின் மேல் பி.யு. என்கிற பாலியூரித்தேன் பூச்சு. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். பாதுகாக்கிறோம் என்று பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் சிதையும். வருடத்துக்கு ஒருமுறை கல்யாணத்துக்குப் போடும் சப்பாத்தின் அடிப்பாகம் திடீரென்று பிட்டுப்பிட்டாக உதிருமே, அதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நம் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். 'பாண்டட் லெதர்' என்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். தோல் துண்டுகளையும் தூளையும் பசையில் குழைத்துத் தாளாக அழுத்தி மேலே பூச்சு கொடுப்பார்கள். சோபா கடைகளில் அதிகம் பார்த்திருப்பீர்கள்.

தம்பியைக் கடைக்குக் கூட்டிப் போகுமுன் பிரிக்பீல்ட்ஸில் அஞ்சடியில் உட்கார்ந்து செருப்பு தைக்கும் பெரியவரிடம் கூட்டிப் போனேன். நிலையத்துக்குப் போகும் வழியில் பல வருடமாகப் பார்க்கும் முகம். என் செருப்பு இரண்டு முறை அவர் கையில் உயிர் பிழைத்திருக்கிறது. விற்பவரிடம் கேட்டால் விற்கும் கதைதான் வரும். பை எப்படிச் சாகும் என்பது பழுது பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

"ஐயா, தம்பிக்கு ஆபீஸ் பை வாங்கணும். எதைப் பார்த்து வாங்கறது?"

அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காலடியில் கிடந்த ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். பார்க்கப் புதிது போல இருந்தது. கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"எங்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல இதுதான் தம்பி. எல்லாரும் முன்னாடி பளபளப்பைப் பார்க்கிறாங்க. பாரம் இருக்கறது இங்க." கைப்பிடி பையோடு சேரும் இடத்தை விரலால் தட்டினார். "உள்ள இன்னொரு துண்டுத் தோல் வச்சு தைச்சிருக்கா, ரிவெட் அடிச்சிருக்கான்னு உள்ளுக்குக் கையை விட்டுப் பாருங்க. கைப்பிடி தனியாக் கழட்டி மாத்தற மாதிரி இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் ஜிப்பு. ஜிப்பு போச்சுன்னா மாத்தற கூலிக்கு நீங்க புதுப்பை கேட்பீங்க."

தையலையும் காட்டினார். இயந்திரத் தையலில் மேலும் கீழுமாக இரண்டு நூல் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு போகும். ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர்ந்து வரலாம். கையால் தைக்கும்போது ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைப்பார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். அதற்காக இயந்திரத் தையல் எல்லாம் மோசம் என்றில்லை. நூல் தடிமனாக, இடைவெளி ஒரே சீராக, திரும்பும் மூலைகளில் இரட்டையாகப் போட்டிருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும் என்றார். பேசியதற்குக் காசு வாங்க மறுத்தார். தம்பி தன் சப்பாத்துக்குப் பாலிஷ் போடச் சொல்லிக் கணக்கைச் சரிக்கட்டினான்.

பிறகுதான் பேரங்காடி. அந்த 2,350 ரிங்கிட் பையை நேரில் பார்த்தோம். தவறான பொருள் அல்ல, ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் மேற்பரப்பு கண்ணாடி போல மழமழவென்று, கண்ணுக்கு ஒரு துளைகூடத் தெரியாமல், அச்சடித்த கோடுகளோடு இருந்தது.

தடித்த மாட்டுத் தோலை அப்படியே பைக்குப் பயன்படுத்துவதில்லை, அடுக்காகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேல் அடுக்குதான் நார் நெருக்கமானது, உறுதியானது. அதன் மேற்பரப்பைச் சுரண்டாமல் விட்டால் 'ஃபுல் கிரெய்ன்'. கொசு கடித்த தழும்பு, கீறல், சுருக்கம் எல்லாம் அதில் தெரியும். லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தினால் 'டாப் கிரெய்ன்' என்பார்கள். நன்றாகத் தேய்த்து, சாயமும் பூச்சும் கொடுத்து, செயற்கையாக வரியை அச்சடித்தால் 'கரெக்டட் கிரெய்ன்'. அடியில் பிளந்தெடுத்த அடுக்கு 'ஸ்பிளிட்'. அதற்குத் தடிமனாகப் பூச்சு கொடுத்து மேல் தோல் போல விற்பதும் உண்டு.

'ஜெனுவின் லெதர்' என்பது மூன்றாம் தரம் என்று டிக்டாக்கில் பலர் அடித்துப் பேசுகிறார்கள். அப்படி ஒரு தர வரிசை இல்லை. இது உண்மையான தோல் என்று மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. எந்த அடுக்கு, எவ்வளவு பூச்சு என்பதைச் சொல்லவில்லை. ஆகவே அந்த முத்திரையைப் பார்த்து ஓடவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், முடிந்தால் உட்புறத்தையும். ஓரத்தில் நார் தெரிந்தால் தோல். துணி இழையும் மேலே பிளாஸ்டிக் படலமும் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஓரத்தை மடித்துத் தைத்திருந்தாலோ தடிமனாகச் சாயம் பூசியிருந்தாலோ கேள்வி கேட்க வேண்டியதுதான். விரலால் அழுத்தினால் இயற்கையான தோல் சுற்றிலும் மெல்லிய சுருக்கம் காட்டும். லைட்டர் வைத்துக் கொளுத்திப் பார்க்கும் காணொளிகளை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். நல்ல தோலின் மேலும் பூச்சு உண்டு, அதுவும் கருகும். மோப்பம் பிடிப்பதும் உதவாது. தோல் வாசனையைத் தெளித்துவிடலாம்.

"அப்போ 2,350 எதுக்குக்கா?" என்றான் தம்பி.

பெயருக்கு. வாடகைக்கு. கொஞ்சம் தோலுக்கும்தான். அந்தப் பெயர் வேண்டுமென்று தெரிந்தே வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தோலுக்குத்தான் காசு கொடுத்தோம் என்று நம்பி வாங்குவதுதான் வேதனை.

அடுத்த ஞாயிறு வேறொரு பிரச்சினை வெடித்தது. நாங்கள் பேசியதை அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கரண்டியோடு வந்து நின்றார்.

"மாட்டுத் தோலா? வேணாம். சாமி ரூம்பு இருக்கற வீடு."

"அம்மா, அப்பா முப்பது வருஷமா இடுப்புல என்ன கட்டியிருந்தாரு?" என்றான் தம்பி.

"அது பெல்ட்டு."

"கோயில்ல வாசிக்கற மிருதங்கத்துல இருக்கறது என்ன தோலு?"

"அது வாசிக்கறவங்க பாடு. நீ வக்கீல் பேச்செல்லாம் கோர்ட்ல வச்சுக்க."

அம்மாவிடம் நான் வாதாடவில்லை. மனதுக்குள் மட்டும் ஓடியது. தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் கை பட்ட மேளத்தைக் கோயிலுக்குள் வைத்துக்கொண்டவர்கள்தானே நாம். அம்மாவின் சங்கடம் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல, பசுவின் மேல் உள்ள மரியாதை. இரண்டும் நம் வீடுகளில் எப்படியோ ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மாட்டிறைச்சி சமைக்காத வீட்டுப் பிள்ளை மாட்டுத் தோல் பை தூக்கலாமா என்பதை ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். அம்மா மனம் கோண வாங்கிய பையைத் தம்பி தினமும் ஒளித்து வைக்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஆட்டுத்தோலைப் பற்றி யோசித்தோம். மெல்லியது, கனம் குறைவு, ஆனால் சீக்கிரம் கிழியாது. பர்ஸுக்கும் மென்மையான பைக்கும் அருமை. நிமிர்ந்து நிற்க வேண்டிய பிரீஃப்கேஸுக்கு உள்ளே அட்டை கொடுத்தாக வேண்டும்.

விடை பெட்டாலிங் ஜெயா பழைய நகர்ப்பகுதியில், ஒரு மாடிக் கடையில் கிடைத்தது. தோழி ஒருத்தி சொன்ன இடம். சீன அங்கிள் ஒருவர் தானே வெட்டி, தானே தைத்து விற்கிறார். சுவர் ஓரம் தோல்கள் சுருட்டி நிற்கின்றன. முதல் கேள்வியே, "பையில் என்ன வைப்பாய்?" என்று மலாயில் கேட்டார். தம்பி மடிக்கணினியும் ஒரு கோப்பும் கொண்டு வந்திருந்தான். பெரிய வளையக் கோப்பு நிமிர்ந்து நிற்கப் பையின் உள்ளே 32 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டும், முதுகே 7, 8 சென்டிமீட்டர் வரும். பேரங்காடியில் நாங்கள் பார்த்த மெல்லிய பைகள் ஒன்றிலும் அது போகாது. நீதிமன்றக் கட்டுகளுக்கு எப்படியும் இழுபெட்டிதான் என்பதால் மடிக்கணினி, ஒரு மெல்லிய கோப்பு, மடித்த அங்கி, சாப்பாட்டு டப்பா என்று கணக்குப் போட்டார்கள்.

அங்கிள் விரித்த தோலில் சிறு சிறு மேடுகள், அழுத்தமான வரிகள். மாட்டுத் தோலைவிடத் தடிமன். "கெர்பாவ்" என்றார். எருமை. இந்தியாவில் இருந்து வருவதாம், ராணிப்பேட்டைப் பக்கம் பதனிட்டதாம்.

"வேலூரா?" என்று தம்பி நிமிர்ந்தான். "அக்கா, இது நாங்க படிச்ச கேஸ். வேலூர் குடிமக்கள் நல மன்றம், 1996." அந்த வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கு. கெடுத்தவரே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும், சேதம் நிரூபணம் ஆகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நாட்டின் சட்டத்தில் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. பாடப் புத்தகத்தில் படித்த ஆற்றின் கரையில் இருந்து வந்த பொருளை இவன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

தோலைக் கெடாமல் காப்பது பதனிடுதல். தமிழகத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். அது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. 19-ஆம் நூற்றாண்டில் குரோமிய உப்பு முறை வந்தபின் அந்தப் பதம் ஒன்றிரண்டு நாளில் ஏறிவிடும். இன்று உலகின் பெரும்பாலான தோல் அப்படித்தான் வருகிறது. மரப்பட்டையில் பதனிட்டது விறைப்பாக இருக்கும், கை படப்பட நிறம் கூடி அழகாகும், ஆனால் மழைத்துளி கறையாகிவிடும். குரோமியத் தோல் மிருதுவானது, ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும். தினமும் நிலையத்தில் இருந்து மழையில் ஓடுகிறவனுக்குக் குரோமியம்தான் சரி என்றார் அங்கிள். மரப்பட்டைத் தோல் விலை கூடுதல். அவர் அதை நம் தலையில் கட்டப் பார்க்காதது எனக்குப் பிடித்திருந்தது.

உள்துணியைப் பற்றியும் கேட்டேன். பன்றித் தோலை மெல்லியதாக உரித்து உள்பக்கம் ஒட்டுவது பல நாடுகளில் சாதாரணம். பழகிய கண்ணுக்குத் தெரியும், அதன் துளைகள் மூன்று மூன்றாகக் கூடியிருக்கும். இங்கே 2013-இல் வந்த வணிக விவரிப்பு ஆணைப்படி, பன்றியில் இருந்து செய்த பொருள் என்றால் அதைக் குறிப்பிட்டுத்தான் விற்க வேண்டும். தம்பியின் மேலாளர் மலாய்ப் பெண்மணி. அவர் மேசையில் இந்தப் பை உட்காரும். "துணிதான், பருத்தி" என்று அங்கிள் புரட்டிக் காட்டினார்.

விலை 620. நான் வாயைத் திறக்கும் முன்னே 590 ஆனது. கைப்பிடி திருகாணி வளையத்தில் மாட்டியது, பிய்ந்தால் புதிது போட்டுக்கொள்ளலாம். ஜிப் ஒய்.கே.கே. செய்து கொடுக்க மூன்று வாரம். தம்பி தன் சேமிப்பில் 400 எடுத்தான். மீதி 190 என் தீபாவளி அன்பளிப்பு, முன்கூட்டியே.

எருமைத் தோல் என்று அம்மாவிடம் சொன்னதற்கு, கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எருமை எமனோட வாகனமாச்சே" என்றார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பிறகு அவரே, "எமனும் தர்மராஜாதானே. நியாயம் சொல்றவருதான். இருக்கட்டும்" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பை வந்து பத்து நாள் ஆகிறது. வெறும் பையே 1.4 கிலோ. மடிக்கணினி ஏறினால் தோள் கேட்கும், அதனால் தோள்வாரும் போடச் சொல்லியிருந்தோம். இரண்டாம் நாளே நல்ல மழை. நனைந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் விட வேண்டும். வெயிலும் முடி உலர்த்தியும் தோலை வெடிக்க வைக்கும். அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். தடுத்துவிட்டேன், அது திட்டுத்திட்டாகக் கறுக்கும். தோலுக்கென்றே உள்ள களிம்பை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மெல்லியதாகத் தடவினால் போதும். விடுமுறையில் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி அலமாரியில் வைத்தால் திரும்பி வரும்போது பூஞ்சணம் வெள்ளையாகப் பூத்திருக்கும். பழைய தலையணை உறைதான் நம் ஊருக்குச் சரி. அம்மா ரோஜாப்பூ போட்ட உறை ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். சாமி அறையில் இருந்து ஆறடி தள்ளி ஒரு முக்காலியும் பைக்காக ஒதுக்கியாகிவிட்டது.

நேற்றிரவு தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தேன். புதிய பையோடு வரவேற்பறையில் நின்றவனிடம் மறுபடியும் ஒருவர் பார்சலை நீட்டினாராம்.

"என்னடா செஞ்ச?"

"ஐ ஆம் த பியூப்பில்னு சொன்னேன். சாரி சொன்னாரு. பார்சலை எப்படியும் உள்ளதான் கொண்டு போகணும், அதனால வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன். கரெக்டா இடம் இருந்துச்சுக்கா."